கடைக்குக் கண்காணிப்புக் கேமரா: வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

நம் கோவை நகரில் ரங்கே கவுடர் வீதியிலிருந்து பெரிய கடை வீதி வரை ஒரு நடை நடந்து பார்த்தால், கேமரா இல்லாத கடை குறைவு என்பது தெரியும். ஷட்டருக்கு மேலே ஒன்று, கல்லாவுக்கு மேலே ஒன்று, உள்ளே இரண்டு என்று எல்லோரும் மாட்டியிருக்கிறார்கள். மாட்டியவர்களிடம் "இதனால் என்ன பயன் கண்டீர்கள்?" என்று கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரிகிறது. "ஆள் வர்றது தெரியுதுங்க, யாருன்னுதான் தெரியலீங்க" என்பார் ஒருவர். "அன்னிக்குன்னு பார்த்துப் பதிவாகலீங்க" என்பார் இன்னொருவர். பணம் போட்டவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்.

குறை கேமராவில் அல்ல. பெரும்பாலான கடைகளில் கேமரா மாட்டும் இடத்தை முடிவு செய்தவர் மாட்ட வந்த பையன். எங்கே ஒயர் இழுப்பது சுலபமோ, எங்கே ஏணி நிற்குமோ அங்கே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். "நாலு கேமரா செட், எட்டு கேமரா செட்" என்று சோப்புப் பெட்டி போல விற்கிறார்கள். நாமும் அப்படியே வாங்குகிறோம். சரக்கு கொள்முதல் செய்யும்போது ஒரு மூட்டைப் பருப்பைக் குத்திப் பார்க்காமல் வாங்க மாட்டோம். இதில் மட்டும் ஏனோ கண்ணை மூடிக்கொள்கிறோம்.

இந்தக் கருவியே ஒரு குறிப்பிட்ட கேள்விக்காகப் பிறந்ததுதான். 1942இல் ஜெர்மனியில் பீனமுண்டே என்ற இடத்தில் வி-2 ராக்கெட்டுகளை ஏவிச் சோதித்தபோது, அருகில் நின்று பார்த்தால் உயிருக்கு ஆபத்து என்பதால், வால்டர் புரூக் என்ற பொறியாளர் தூரத்தில் இருந்து பார்க்க ஏற்பாடு செய்ததையே முதல் மூடிய சுற்றுத் தொலைக்காட்சி என்று சொல்வார்கள். ராக்கெட் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும்; அதற்கு ஒரு கேமரா. எதைப் பார்க்கப் போகிறோம் என்பது முதலில் முடிவாகிவிட்டது. நம் கடைக்கும் அதே வரிசைதான் பொருந்தும்.

காலண்டர் தாளின் பின்பக்கம்

எங்கள் மண்டிக்குக் கேமரா போட முடிவு செய்தபோது, விலைப்புள்ளி கொடுக்க வந்தவர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு 16 கேமரா என்று எழுதினார். அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்துவிட்டு, பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கடையின் வரைபடத்தை நானே வரைந்தேன். மூன்று ஷட்டர், கல்லா, எலெக்ட்ரானிக் தராசு, லாரி பின்பக்கமாக வந்து நிற்கும் இடம், குடோனுக்குப் போகும் சந்து, மாடிப்படி. ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில், அங்கே நடப்பதில் எனக்குத் தெரிய வேண்டியது என்ன என்று ஒரு வரி எழுதினேன்.

வாசலில்: உள்ளே வந்தவன் யார்? முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் அவன் முகத்தைப் போலீசில் காட்டும்படி இருக்க வேண்டும்.

கல்லாவில்: எத்தனை ரூபாய் நோட்டு வந்தது, எத்தனை திரும்பிப் போனது? இங்கே முகம் முக்கியமில்லை, கைதான் முக்கியம்.

தராசில்: என்ன எடை காட்டியது, எந்த மூட்டை ஏறியது?

லாரி இறக்கும் இடத்தில்: எத்தனை மூட்டை இறங்கியது?

குடோன் சந்தில்: பூட்டிய பிறகு யாராவது உள்ளே இருக்கிறார்களா? இதற்கு ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும்.

வீதியில்: எந்த வண்டி வந்து நின்றது, எந்தப் பக்கம் போனது?

கடைசியில் ஆறு கேமராவில் வேலை முடிந்தது. மாடிப்படிக்கு ஒன்று, காலி டின் அடுக்கும் இடத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்ததற்கெல்லாம் கேள்வியே இல்லை, அடித்துவிட்டோம். மிச்சமான பணத்தில் வாசல் கேமராவையும் கல்லா கேமராவையும் நல்ல தரத்தில் வாங்க முடிந்தது. உங்கள் கடைக்கு மூன்றே போதலாம், பத்தும் தேவைப்படலாம். எண்ணிக்கை கடைசியில் வர வேண்டிய கணக்கு.

25 அடி, 50 அடி, 100 அடி, 250 அடி

"ரெண்டு மெகாபிக்சல் போதுமா, அஞ்சு வேணுமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு உலக அளவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கேமரா காட்டும் படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளின் தொகுப்பு. சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவில் குறுக்குவாட்டில் 1920 புள்ளிகள் உண்டு. அந்த 1920 புள்ளியையும் எத்தனை அடி அகலத்துக்குப் பங்கு போடுகிறோம் என்பதுதான் விஷயம். ஒரு டம்ளர் பாலை இரண்டு பேருக்கு ஊற்றுவதற்கும் இருபது பேருக்கு ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் போல.

முன்பின் தெரியாத ஒருவன் இவன்தான் என்று அடையாளம் சொல்ல, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளி வேண்டும். ஏற்கெனவே நமக்குத் தெரிந்த ஆளைக் கண்டுகொள்ள 125 போதும். என்ன உடுத்தியிருக்கிறான், என்ன செய்கிறான் என்று பார்க்க 60க்குச் சற்று மேல். ஆள் ஒருவன் இருக்கிறான் என்று மட்டும் தெரிய 25. இதை நம் அடிக்கணக்கில் மாற்றினால், 2 மெகாபிக்சல் கேமரா காட்டும் காட்சியின் அகலம் 25 அடிக்குள் இருந்தால் அந்நியன் முகம் தெரியும். 50 அடி வரை தெரிந்த ஆளைக் கண்டுபிடிக்கலாம். 100 அடி வரை சட்டை, வேட்டி, கையில் இருக்கும் பை தெரியும். 250 அடி என்றால் ஏதோ ஒன்று நடமாடுகிறது என்பது மட்டும் தெரியும். இந்த நாலு எண்ணையும் காலண்டர் தாளின் மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விற்க வருபவர் "மொத்தக் கடையும் ஒரே கேமராவில் தெரியுங்க" என்று சொன்னால், தெரியும்தான். ஆனால் எந்த அளவுக்குத் தெரியும் என்று இதை வைத்துத் திருப்பிக் கேட்கலாம்.

அடுத்தது லென்ஸ். செட்டாக விற்பதில் பெரும்பாலும் 2.8 அல்லது 3.6 எம்.எம். லென்ஸ்தான் வருகிறது. இவை அகலமாகப் பார்ப்பவை. 2.8 லென்ஸ் வைத்த கேமராவில், ஆள் சுமார் 10 அடி தூரத்துக்குள் வந்தால்தான் முகம் அடையாளம் சொல்லும்படி இருக்கும். 3.6 என்றால் 13, 14 அடி. 6 எம்.எம். லென்ஸ் குறுகலாகப் பார்க்கும். ஆனால் 25 அடி தூரத்திலும் முகம் கிடைக்கும். 12 எம்.எம். என்றால் 50 அடிக்கு மேல். ஆகவே கல்லாவுக்கும் குடோன் சந்துக்கும் அகல லென்ஸ், வாசலுக்கும் வீதிக்கும் குறுகிய லென்ஸ் என்று இடத்துக்குத் தகுந்தபடி கேட்டு வாங்க வேண்டும். எட்டும் ஒரே லென்ஸாக வாங்குவது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவுச் செருப்பு எடுப்பது போலத்தான்.

உயரத்தையும் சொல்ல வேண்டும். கைக்கு எட்டக்கூடாது என்று 12, 13 அடி உயரத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் வருபவனின் தலைமுடியும் தொப்பியும்தான் தெரியும். முகம் வேண்டும் என்ற இடத்தில் 8 அல்லது 9 அடிக்கு மேல் போகக் கூடாது. யாராவது தட்டி விடுவார்கள் என்ற பயமிருந்தால், அந்தக் கேமராவையே பார்க்கும்படி இன்னொன்றைத் தள்ளி மேலே வைத்துக்கொள்ளலாம்.

மேற்குப் பார்த்த கடைக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சாயங்காலம் 4 மணிக்கு மேல் வெயில் நேராக ஷட்டருக்குள் இறங்கும். உள்ளிருந்து வாசலைப் பார்க்கும் கேமராவில் வருபவர் எல்லாம் கறுப்பு உருவமாகத்தான் தெரிவார். வெளிச்சம், நிழல் இரண்டையும் சமன் செய்து காட்டும் டபிள்யூ.டி.ஆர். என்ற வசதி உள்ள கேமராவை வாசலுக்குக் கேளுங்கள். விலை சற்றுக் கூடும். அந்த ஒன்றுக்கு மட்டும் கொடுக்கலாம்.

நோட்டும் மூட்டையும்

எங்கள் வீதியில் ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒரு நாள் இரவு கல்லாவில் 18,500 ரூபாய் குறைந்தது. எட்டுக் கேமரா உள்ள கடை. முதலாளி இரண்டு இரவு உட்கார்ந்து பதிவைப் பார்த்தார். கல்லாவில் நின்ற பையன் டிராயரில் கை விடுவது பல முறை தெரிந்தது. சில்லறை கொடுக்கிறவன் கை விடாமல் எப்படிக் கொடுப்பான்? ஆனால் கேமரா அவன் முதுகுக்குப் பின்னால் உச்சியில் இருந்ததால், எடுத்தது எத்தனை, கொடுத்தது எத்தனை என்பது தெரியவில்லை. சந்தேகம் மட்டும் தெரிந்தது. "முதலாளி, நான் எடுக்கலீங்க" என்று சொல்லிப் பார்த்துவிட்டுப் பையன் மூன்றாம் நாள் வேலையை விட்டு நின்றுகொண்டான். பத்து நாள் கழித்து லாரி செட்டுக்காரர் கணக்குப் பார்க்க வந்தபோதுதான், அன்றைக்கு முதலாளியின் மருமகன் வாடகை 18,500ஐக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்ததும், சிட்டையில் எழுத மறந்ததும் வெளியே வந்தது. பையன் இப்போது திருப்பூரில் ஒரு கடையில் இருக்கிறான். முதலாளி இரண்டு தடவை நேரில் போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

கல்லாக் கேமரா முதுகுப் பக்கம் இருக்கக்கூடாது. பக்கவாட்டில், மேசைக்கு மேலே 6, 7 அடி உயரத்தில், டிராயரும் மேசைப் பலகையும் வாடிக்கையாளர் கையும் ஒன்றாகத் தெரியும்படி வைக்க வேண்டும். காட்சியின் அகலம் ஆறேழு அடிக்குள் இருந்தால் 500 ரூபாய் நோட்டையும் 100 ரூபாய் நோட்டையும் நிறத்தை வைத்துப் பிரித்துவிடலாம். ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் அட்டையும் இதே காட்சிக்குள் வரட்டும். இரவோடு இரவாக நம் அட்டை மேல் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் கூட்டம் உண்டு என்பது நமக்குத் தெரியும். கீழே நோட்டைப் போட்டுக் கவனத்தைத் திருப்புகிறவர்கள், சில்லறை மாற்ற வந்து கணக்கைக் குழப்புகிறவர்கள் எல்லோருக்கும் கல்லாதான் குறி.

எந்தக் கேமரா இருந்தாலும் சிட்டை எழுதுவதை விடக் கூடாது. பதிவைப் பார்க்க வேண்டுமானால் எத்தனை மணிக்கு என்று முதலில் தெரிய வேண்டும். மணியைச் சொல்வது சிட்டைதான்.

மொத்த வியாபாரிகளுக்கு லாரி இறக்கும் இடம்தான் உயிர்நாடி. சர்க்கரை 300 மூட்டை என்று பில் வரும். எண்ணியவர் 298 என்பார். டிரைவர் 300 இறக்கினேன் என்பார். லாரியின் பின்பக்கம் நேராகக் கேமரா வைத்தால் ஆளுக்கு ஆள் மறைத்து எண்ணிக்கை தவறிப்போகும். பக்கவாட்டில் வைத்து, ஒவ்வொரு மூட்டையும் ஏதேனும் ஒரு கோட்டைத் தாண்டிப் போவது போலக் காட்சியை அமைக்க வேண்டும். எங்கள் குடோனில் தரையில் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். சந்தேகம் வந்தால் பதிவை வேகமாக ஓடவிட்டு எண்ணினால் கால் மணி நேரத்தில் தகராறு தீரும்.

சுமை தூக்கும் தொழிலாளர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். "எங்களைத் திருடன்னு நினைக்கிறீங்களா அண்ணா?" என்று மூத்தவர் கேட்டேவிட்டார். அவர்களையே உள்ளே கூப்பிட்டுத் திரையில் என்ன தெரிகிறது, எதற்காக அந்தக் கோடு என்று காட்டினேன். மூன்று மாதத்துக்குள் ஒரு லோடில் 5 மூட்டை குறைந்தது என்று லாரிக்காரர் அவர்கள் மேல் பழி போட்டபோது, பதிவைப் போட்டுப் பார்க்கச் சொல்லி அவர்களே வந்து நின்றார்கள். ஏற்றிய இடத்திலேயே குறைந்திருந்தது. வேலை செய்பவர்களுக்குச் சொல்லாமல் ரகசியமாக மாட்டும் பழக்கம் எனக்குப் பிடிக்காத ஒன்று. "இந்த இடம் கேமரா கண்காணிப்பில் உள்ளது" என்று வாசலில் ஒரு பலகையும் வைத்துவிடுவது நல்லது. பெண்கள் உடை மாற்றும் இடம், கழிப்பறை பக்கம் கேமரா திரும்பவே கூடாது. அங்கே பெண்களைப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இரண்டு நகைக்கடைகள்

பெரிய கடைகளில் கேமரா என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 2019 அக்டோபர் 2ஆம் தேதி திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே லலிதா ஜுவல்லரியில் சுவரைத் துளைத்து 13 கோடி ரூபாய் மதிப்புள்ள நகைகளைக் கொண்டுபோனார்கள். கேமராப் பதிவு தெளிவாகவே இருந்தது. அதில் தெரிந்தவை இரண்டு மிருக முகமூடிகள். போலீசுக்கு முதல் பிடி கிடைத்தது மறுநாள் இரவு திருவாரூரில் நடந்த வாகனச் சோதனையில். கேமரா பூட்டு அல்ல, சுவர் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. பின் சுவர், மேற்கூரை ஓடு, ஏசி குழாய் போகும் ஓட்டை ஆகியவற்றுக்குச் செலவு செய்த பிறகே கேமராவுக்குச் செலவு செய்ய வேண்டும். இரவில் சுவர் அதிர்ந்தால் கூவும் அலாரம் நம் கையைக் கடிக்கும் விலையில் இல்லை.

இன்னொன்று நம் ஊரில். 2023 நவம்பர் 28ஆம் தேதி அதிகாலை காந்திபுரம் 100 அடி சாலையில் ஜோஸ் ஆலுக்காஸ் கடைக்குள் ஏசி வழித் திறப்பில் புகுந்த ஒருவன் நாலரைக் கிலோவுக்கு மேல் நகை எடுத்துப் போனான். ஒற்றை ஆள்தான் வந்தான் என்பதைக் கடைக் கேமரா சொன்னது. பிறகு அவன் போன வழியில் இருந்த கேமராக்களையும் போலீசார் வரிசையாகப் பார்த்து அவனை அடையாளம் கண்டு, டிசம்பரில் பிடித்தார்கள். நகையில் பெரும்பகுதி மீட்கப்பட்டது.

நம் கடையில் திருட்டுப் போனால் அடுத்த கடையின் வீதிக் கேமராதான் நமக்கு உதவும். அடுத்தவருக்கு நம்முடையது உதவும். போலீசார் வீதியைப் பார்த்து ஒரு கேமரா வையுங்கள் என்று கேட்பது இதற்காகத்தான். சென்னையில் கமிஷனராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்று இதை ஒரு இயக்கமாகவே நடத்திய ஏ.கே.விசுவநாதன், அதற்கு முன் நம் கோவை மாநகரிலும் கமிஷனராக இருந்தவர். ஒரு வீதியில் உள்ள கடைக்காரர்கள் கலந்து பேசி, ஒருவர் கிழக்கு, ஒருவர் மேற்கு என்று பார்வையைப் பங்கிட்டுக்கொண்டால் எல்லோரும் ஒரே திசையைப் படம் பிடிக்கும் வீண் செலவு மிச்சம்.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் கேமரா நிறுவுவது பற்றித் தமிழ்நாடு அரசு 2012இலேயே நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு விதிகள் வகுத்திருக்கிறது. உங்கள் கடையின் பரப்பளவு அதற்குள் வருமா என்பதை மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

எத்தனை நாள் பதிவு?

கடையில் கேட்டால் "1 டி.பி. போட்டிருக்குங்க, தாராளமா போதும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்றைய எச்.265 முறையில் பதியும் ஒரு 2 மெகாபிக்சல் கேமரா சுமாராக விநாடிக்குக் கால் எம்.பி. எடுத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஆக ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 21.6 ஜி.பி. நாலு கேமராவுக்கு 86 ஜி.பி. 1 டி.பி. என்பது 1000 ஜி.பி. தாராளமாகச் சொன்னாலும் 11, 12 நாள்தான். பழைய எச்.264 முறை என்றால் அதிலும் பாதி. அதற்குப் பிறகு பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும்.

நம் வியாபாரத்தில் குறை எப்போது தெரிய வருகிறது? பார்ட்டி கணக்கு முடிக்கும்போது, ஸ்டாக் எடுக்கும்போது, அதாவது மாதக் கடைசியில். அதனால் 30 நாளாவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நாலு கேமராவுக்கு 30 நாள் என்றால் 2.6 டி.பி.; 4 டி.பி. டிஸ்க் போட்டுக்கொள்ளலாம். எட்டுக் கேமரா என்றால் 5.2; அதற்கு 6 டி.பி. அசைவு இருக்கும்போது மட்டும் பதியும்படி வைத்தால் இடம் மிச்சமாகும். ஆனால் சிலந்தியும் பல்லியும் கேமரா முன்னால் ஊர்ந்தாலும் அது அசைவுதான். டிஸ்க்கும் கம்ப்யூட்டருக்குப் போடும் சாதாரண ரகமாக இல்லாமல், இரவு பகல் ஓடுவதற்கென்றே வரும் கண்காணிப்பு ரகமாக இருக்க வேண்டும்.

பதிவுப் பெட்டியைக் கல்லாவுக்குக் கீழேயே வைக்கிறார்கள். திருட வருகிறவன் பணத்தோடு அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டால் கதை முடிந்தது. மாடியிலோ குடோன் உள் அறையிலோ, காற்றோட்டம் உள்ள பூட்டிய இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும்.

2012ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தை நம் பகுதி வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அந்த நிலை இல்லை என்றாலும், மின்சாரம் போன நேரத்தில் பதிவு நின்றால் அந்த நேரம் திருடனுக்குச் சொந்தம். ஆறு கேமராவும் பெட்டியும் சேர்ந்து 50 வாட் அளவுதான் இழுக்கும். கடையில் இருக்கும் சாதாரண இன்வெர்ட்டரே இரவு முழுவதும் தாங்கும். தனி ஒயரில் அதற்கு இணைப்புக் கொடுத்துவிட்டால் போதும். எர்த் சரியாக இருக்க வேண்டும். ஒரு இடி இடித்தால் எட்டுக் கேமராவும் ஒன்றாகப் போகும். ஒயரைக் குழாய்க்குள் விட்டுத்தான் இழுக்க வேண்டும். தானியக் குடோனில் எலி முதலில் கடிப்பது அதைத்தான். நெட்வொர்க் கேமராவுக்குப் போகும் கேபிள் 100 மீட்டர், அதாவது 328 அடிக்கு மேல் போனால் இடையில் கருவி வைக்க வேண்டும்.

மஞ்சள், மிளகாய், மாவு கையாளும் ஈரோடு, பெருந்துறைப் பக்கத்து வியாபாரிகள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடிக் கும்பா போட்ட டோம் கேமராவில் தூசி படிந்தால், இரவில் கேமராவே வீசும் கண்ணுக்குத் தெரியாத ஒளி அந்தத் தூசியில் பட்டுத் திரும்பிப் படம் முழுவதும் வெள்ளைப் புகையாகிவிடும். அங்கே குழாய் வடிவ புல்லட் கேமராதான் ஏற்றது. அதையும் வாரம் ஒரு முறை துணியால் துடைக்க வேண்டும். இந்த இருட்டொளியில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். சட்டை நிறமும் வண்டி நிறமும் தெரியாது. வாசலில் ஒரு எல்.இ.டி. பல்பை இரவெல்லாம் எரியவிட்டால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

பாஸ்வேர்டும் பத்திரமும்

செல்போனில் கடையைப் பார்ப்பது நல்ல வசதி. நாம் பார்க்கிற வழியிலேயே பிறரும் நுழையலாம் என்பதை மறக்கக் கூடாது. 2016 அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்கள் முடங்கியபோது, அதற்கு ஆயுதமாகப் பயன்பட்டவை பாஸ்வேர்ட் மாற்றாமல் விட்ட கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும். 2025இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு விலைக்குப் போனது வெளிவந்து நாடே அதிர்ந்தது. அங்கேயும் கம்பெனி வைத்த எளிய பாஸ்வேர்டே மாற்றப்படாமல் இருந்ததாகச் செய்திகள் வந்தன. மாட்டியவர் போன அன்றே, அவர் எதிரில் இல்லாதபோது, பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு கல்லாச் சாவி யாரிடம் இருக்குமோ அவரிடம் மட்டும் அது இருக்கட்டும்.

கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை வேண்டும் என்று மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவித்து, 2025 ஏப்ரலிலிருந்து அமலுக்குக் கொண்டு வந்திருக்கிறது. நீங்கள் வாங்கும் மாடலுக்கு அந்தச் சோதனையும் பி.ஐ.எஸ். பதிவும் உண்டா என்று கேட்டு, பில்லில் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் மலிவாகக் கொடுப்பவரிடம் வாங்கினால் வாரண்டிக்கும் யாரிடமும் போக முடியாது.

பதிவு கோர்ட்டில் நிற்க வேண்டுமானால் அதற்கும் ஒரு முறை உண்டு. இந்திய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவின்படி மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழ் கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட் 2014இல் சொல்லி, 2020இல் மீண்டும் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. அதன் 63ஆம் பிரிவில் சான்றிதழுக்குப் படிவமே இருக்கிறது. கருவியை வைத்திருக்கும் நாம் ஒரு பகுதியிலும், தொழில்நுட்பம் தெரிந்தவர் ஒரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். ஆகவே சம்பவம் நடந்தால் பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்து நோண்டக் கூடாது. பழைய பதிவு அழியும் முன்பே உரிய நேரத்துப் பகுதியை பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, போலீசார் டிஸ்க்கை எடுத்துச் சென்றால் அதற்கு எழுத்து மூலம் ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டியில் காட்டும் மணியும் கைக்கடிகார மணியும் ஒன்றாக இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். 20 நிமிடம் பிந்தி ஓடும் பெட்டியின் பதிவை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் ஆட்டம் காண வைப்பார்.

கடைசியாகப் பணம் கொடுக்கும் விஷயம். மாட்டி முடித்த பகலில் திரை எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கும். அதைப் பார்த்து முழுத் தொகையையும் கொடுத்துவிடாமல், பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். அன்று இரவு கடை சாத்திய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கடைப் பையன் ஒருவனை வீதியிலிருந்து வாசல் வரை நடக்கச் சொல்லுங்கள். ஒரு பைக்கையும் வந்து நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு மாட்டியவரையே பக்கத்தில் உட்கார வைத்துப் பதிவை ஓட்டிப் பாருங்கள். முகமும் நம்பர் பிளேட்டும் தெரியாவிட்டால், ஏணி இன்னும் அங்கேதான் இருக்கும். அந்த இரவிலேயே கேமராவைத் திருப்பிச் சரி செய்யச் சொல்லிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம்.